வர இயலாமல் போனதற்கு

அல்தோனா பூட்ஸைக் கழற்றாமலேயே உள்ளே வந்தாள். வாசல் மிதியடியிலிருந்து என் மேஜை வரைக்கும் பனி கரைந்து, அழுக்குத் தண்ணீராக அவள் பின்னாலேயே வந்தது. பிப்ரவரி மாதத்தில், எங்கள் ஊரான சுவாவ்கியில் இன்னொருவர் வீட்டுக்குள் அப்படி நுழைகிறவர் ஒன்று குடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும். அவள் இரண்டிலும் சேர்த்தி இல்லை. முந்தின நாள் நான் முத்திரை போட்டுக் கொடுத்த தாள்களை மேஜைமேல் வைத்து, அதில் ஒரு வரியை நகத்தால் கீறிக் காட்டினாள்.

"இது என்ன மேடம்?"

"உங்க வீட்டுக்காரர் எழுதின மெயில். அதோட மொழிபெயர்ப்பு."

"'வர இயலாமல் போனதற்கு வருந்துகிறேன்.' இப்படியா எழுதுவீங்க?"

"அவர் அப்படித்தானே எழுதியிருக்கார்."

"இயலாம போச்சா? கடற்கரையில சாய்வு நாற்காலி போட்டுக் காலை நீட்டிக்கிட்டுக் கெடந்தவனுக்கு, வர இயலாம போச்சா?"

நான் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டேன். கோபமாக வருகிறவர்களிடம் பதில் சொல்ல நேரம் வாங்குவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. "உட்காருங்க," என்றேன். அவள் உட்காரவில்லை. தேநீர் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பிறகு தன் பூட்ஸைப் பார்த்து, நான் துடைத்து வைத்திருந்த தரையைப் பார்த்து, "ஐயோ, மன்னிச்சிருங்க" என்று அங்கேயே குனிந்து கழற்ற ஆரம்பித்தாள். ஜிப் சிக்கிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டே அழுதாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அன்றைக்குள் முடிக்க வேண்டிய காகிதங்கள் இரண்டு கட்டு மேஜைமேல் கிடந்தன.

நான் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர். என் வட்ட முத்திரை இல்லாத ஆங்கிலக் காகிதம் எங்கள் ஊர் அலுவலகங்களில் செல்லாது. இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பினவர்கள் பிறப்புச் சான்றிதழும் பழைய கார்களின் பத்திரமும் கொண்டுவருவார்கள். காருக்கு மூச்சுப் பிடித்து யோசிக்க வேண்டியதில்லை. மனிதர்கள் ஒருவரை ஒருவர் நோகடித்துவிட்டு எழுதிக்கொள்கிற ஆங்கிலம்தான் உயிரை வாங்கும். குற்றம், குறை, பழி என்று வந்துவிட்டால் அந்த மொழியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி டப்பா வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தின் கோளாறு ஒன்று, குழந்தை பாலைக் கொட்டினது ஒன்று, காப்பீட்டுக்காரன் தலையில் விழுவது ஒன்று, அடுத்தவரை நோக்கி நீட்டுகிற விரலுக்கு ஒன்று, ராத்திரி தூங்கவிடாமல் நெஞ்சில் உட்கார்ந்திருப்பதற்கு இன்னொன்று. எங்களிடம் இயந்திரத்துக்கு வேறு சொல் உண்டு. மனிதன் என்று வந்தால் பெரும்பாலும் ஒரே சொல்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நெஞ்சில் அடித்துக்கொண்டு மூன்று முறை 'என் தப்பு' என்று சொல்கிறோமே, அதே சொல். அதை எடுத்து ஒரு மெயிலில் வைத்தால் கல்லைத் தூக்கி மேஜைமேல் வைத்த மாதிரி இருக்கும்.

அவள் கணவன் டேரனின் மெயில்களில் அந்தக் கல்லை வைக்க இடமே இருக்கவில்லை. 'தவறுகள் நேர்ந்துவிட்டன' என்று எழுதியிருந்தான். யார் கையால் என்று இல்லை, என்னவோ வானத்திலிருந்து விழுந்த மாதிரி. 'நீ அப்படி உணர்வதற்காக வருந்துகிறேன்' என்று எழுதியிருந்தான். தான் செய்ததற்கு அல்ல, அவள் உணர்வதற்கு. 'ஒருவர்மீது ஒருவர் பழிபோடும் விளையாட்டில் எனக்கு விருப்பமில்லை' என்று ஒரு வரி. எங்கள் ஊரில் பழி போடுவார்கள், தாராளமாகப் போடுவார்கள், ஆனால் யாரும் அதை விளையாட்டாகப் போடுவதில்லை. அந்த வரியோடு மாரடித்ததில் அடுப்பில் வைத்த சூப் அடிப்பிடித்துவிட்டது. முப்பது வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், இவ்வளவு சுத்தமான மழுப்பலை நான் பார்த்ததில்லை. அவன் கெட்ட எண்ணத்தோடு எழுதினான் என்றுகூடத் தோன்றவில்லை. நல்ல பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த மாதிரி எழுதியிருந்தான்.

அல்தோனா இங்கிலாந்தில், லெஸ்டரில் ஒரு சாண்ட்விச் ஃபேக்டரியில் வேலை பார்த்தவள். அங்கே லாரிகளுக்கு நேரம் குறிப்பவனாக இருந்த டேரனைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அம்மாவுக்கு நோய் முற்றியதும் இருவரும் இங்கே வந்து, அம்மாவின் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் குடியேறினார்கள். அவன் ஒரு குளிர்காலம் தாக்குப்பிடித்தான். பிறகு இரண்டு வார வேலை என்று சொல்லி லெஸ்டருக்குப் போனான். இரண்டு வாரம் நீண்டுகொண்டே போனது. அம்மா செத்துப் போன அன்று, தனக்குக் கடுமையான காய்ச்சல், விமானம் ஏற முடியாது என்று செய்தி அனுப்பினான். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்று, வந்தவர்களிடமெல்லாம் 'அவருக்குக் காய்ச்சல்' என்று அவனுக்காக அவள்தான் சமாதானம் சொன்னாள். அன்றைக்கு அவன் ஸ்பெயினில் இருந்தான், இன்னொருத்தியோடு. அந்தப் பெண்ணின் தங்கை இணையத்தில் போட்ட புகைப்படத்தில் அது தேதியோடு இருந்தது.

"அவன் துரோகம் பண்ணது கூட ஆறிடுச்சு மேடம்," என்றாள், ஒருவழியாகப் பூட்ஸைக் கழற்றிவிட்டு. ஒரு சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. "அவனுக்காக நான் அங்க நின்னு பொய் சொன்னேன் பாருங்க, எங்கம்மா தலைமாட்டுல. அது ஆறல. 'வரல, பொய் சொன்னேன், என் தப்பு.' இத அவன் வாயால சொல்லணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"அவர் எழுதாததை நான் எழுத முடியாது அல்தோனா. எழுதினா என் முத்திரைய வாங்கித் தூரப் போட்டுருவாங்க."

"எனக்குத் தெரியாதா? நானும் அந்த ஊர்ல குப்பை கொட்டினவதான். எனக்கு இங்கிலீஷ் புரியாம இல்ல. உங்ககிட்ட வந்தாவது, நம்ம மொழியில வந்தாவது, அது கொஞ்சம் வெக்கப்படும்னு நெனச்சேன்."

எங்கள் சட்டத்தில் விவாகரத்துக்கு இரண்டு வழி உண்டு. யார்மீதும் குற்றம் சொல்லாமல் பிரிந்துகொள்ளலாம். ஒரே அமர்வில் முடிந்துவிடும். இல்லை, குற்றம் யாருடையது என்று நீதிமன்றம் தீர்ப்பில் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அதற்குச் சாட்சி, காகிதம், வருடக்கணக்கான அலைச்சல். அல்தோனாவின் வக்கீல், அக்கா, பல் டாக்டர் எல்லாரும் முதல் வழியில் போகச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. நானும் அன்றைக்கு அதையேதான் சொன்னேன். எவ்வளவு பேர் சொல்லியும் கேட்காதவளிடம் நானும் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தே சொன்னேன்.

சாயங்காலம் ஜெனோனிடம் இதைச் சொன்னேன். என் கணவர் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு என்னதான் வேணுமாம்?"

"ஒரு வார்த்தை."

"வார்த்தைய வச்சிக்கிட்டு என்ன பண்ணுவா? கொழம்பு வைப்பாளா?"

"உனக்குப் புரியாது."

"எனக்கு எதுதான் புரிஞ்சிருக்கு," என்று அடுத்த கிழங்கை எடுத்தார்.

ஜெனோன் நல்லவர். ஆனால் எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு 'என் தப்பு' என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சண்டை போட்டால் மறுநாள் காலையில் உருளைக்கிழங்கு சீவி வைத்திருப்பார், அவ்வளவுதான். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் அம்மாவின் பியானோவை என்னைக் கேட்காமல் விற்றுவிட்டார். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், பியானோ இருந்த இடத்தில் ஓக் மரத்தில் புத்தக அலமாரி ஒன்று, அவர் கையாலேயே இழைத்து, மெழுகு பூசி நிற்கிறது. என் அகராதிகள் அளவுக்குத் தட்டுகள். நானும் ஒன்றும் கேட்கவில்லை, அகராதிகளை அடுக்கினேன். அந்த வார்த்தை எனக்கு ஒருபோதும் வேண்டியிருக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வேண்டியிருந்தது. கேட்டு வாங்க அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டேன். அல்தோனாவிடம் எனக்கு இருந்த எரிச்சலில் பாதி, அவள் விடாமல் கேட்கிறாளே என்பதுதான்.

மார்ச்சில் நீதிமன்றத்திலிருந்து எனக்கே அழைப்பு வந்தது. பிரதிவாதி இங்கிலாந்திலிருந்து நேரில் வருகிறார், உரைபெயர்ப்பாளர் வேண்டும். அவள் தாள்களை மொழிபெயர்த்தவளே நான்தான், வேறு யாரையாவது பாருங்கள் என்றேன். எங்கள் ஊரில் ஆங்கிலத்துக்கு இருந்த இன்னொருவர் மகளோடு கனடாவுக்குப் போய்விட்டார். "இரண்டு பேரோட வக்கீலும் ஆட்சேபணை இல்லன்னுட்டாங்க, வந்துருங்க," என்றாள் எழுத்தர்.

நீதிமன்றத்தில் ஹீட்டர் ஓவராக எரிந்துகொண்டிருந்தது. ஊதா விளிம்பு வைத்த அங்கியும், கழுத்தில் கழுகுச் சின்னம் தொங்குகிற சங்கிலியுமாக உட்கார்ந்திருந்த நீதிபதி அம்மாவுக்குச் சளி. கைக்குட்டையை அங்கியின் கைக்குள் செருகி வைத்திருந்தார். அல்தோனா கருப்பு உடையில் வந்திருந்தாள், அடக்கத்துக்கு வருவது மாதிரி. டேரன் நான் நினைத்த ஆள் இல்லை. சிவந்த முகம், தொப்பை, அந்தக் குளிருக்குப் போதாத மெல்லிய கோட்டு, பார்த்தவுடன் யாருக்கும் பிடித்துப்போகிற சிரிப்பு. "வந்ததுக்கு ரொம்ப நன்றி, உங்களுக்குச் சிரமம்," என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அங்கே அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, சீக்கிரம் அறுத்துக்கொண்டு போகவேண்டும், அதனால் எதற்கும் தலையாட்டச் சொல்லியிருப்பதாக அவனுடைய வக்கீல் என் காதில் போட்டுவைத்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. 'அவர் இப்படிச் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. அவராகவே பேச வேண்டும். கொலைகாரனுக்குப் பேசினால் 'நான் குத்தினேன்' என்றுதான் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கூச்சமாக இருக்கும், பிறகு பழகிவிடும். நான் திருடியிருக்கிறேன், குடித்துவிட்டு வண்டி ஓட்டியிருக்கிறேன், சிகரெட்டுப் பெட்டிகளை எல்லை தாண்டிக் கடத்தியிருக்கிறேன், எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, அலுப்பான ஒரே குரலில்.

நீதிபதி கேட்டார்: "உங்க குடும்ப வாழ்க்கை முறிஞ்சதுக்கு யார் காரணம்னு நினைக்கிறீங்க?"

நான் அவனுக்குச் சொன்னேன். அவன் கையை விரித்தான். சாப்பிட்டு முடித்ததும் பில்லை எட்டி எடுத்துக்கொள்கிற நண்பனைப் போல, பெரிய மனதோடு சொன்னான்.

"ஆமா, சரிதான், நியாயமாப் பாத்தா எல்லாம் என் தப்புதான். சந்தோஷமா ஏத்துக்கறேன்."

ஆங்கிலத்தில் அந்த 'சந்தோஷமா'வுக்கு அர்த்தம் இல்லை. வாசல் கதவைப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு மரியாதை. எங்கள் மொழியில் அதை வைத்தால் நீதிபதிக்குக் கேலி மாதிரி கேட்கும். இதையெல்லாம் யோசிக்க மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அதையும் 'நியாயமாப் பாத்தா'வையும் சொல்லாமல் விட்டுவிட்டேன். மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

"எல்லாம் என் தப்பு," என்றேன்.

என் குரல் இறங்கிவிட்டது. ஏன் என்று தெரியாது. தொண்டை வறண்டிருந்தது, ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தச் சொல் வெளியே வந்தபோது தட்டிக்கொண்டிருந்த எழுத்தர் கூடத் தலையைத் தூக்கினாள். அல்தோனா அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, எழுத்தர் பக்கம் திரும்பி, பதிவுக்காகச் சொல்ல ஆரம்பித்தார்: "பிரதிவாதி, மண உறவு முறிந்ததற்குத் தாமே முழுக் குற்றவாளி என்று ஒப்புக்கொள்கிறார்." பிறகு அவனைக் கேட்டார், "எந்தெந்த விஷயங்கள்ல?"

"அவ என்னென்ன எழுதியிருக்காளோ, அதெல்லாம்," என்றான் டேரன். நான் அப்படியே சொன்னேன்.

அல்தோனா எழுந்து நின்றாள். அவளுடைய வக்கீல் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

"கனம் கோர்ட்டாரே, எங்கம்மா அடக்கத்தப் பத்தி அவர்கிட்டக் கேளுங்க. தயவுசெஞ்சு."

"அவர்தான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரே அம்மா. நீங்க கேட்டது கெடச்சிருச்சு. உட்காருங்க."

நீதிபதியைக் குறை சொல்ல மாட்டேன். வெளியே அடுத்த வழக்குக்காரர்கள் பெஞ்சில் காத்திருந்தார்கள். அல்தோனா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லித் தீர்ப்பை வாசித்தார்கள். கணவனின் குற்றத்தால் மணமுறிவு. நான் அதை அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். "பிரமாதம்," என்றான்.

கோட்டு மாட்டுகிற இடம் கீழ்த்தளத்தில், படி இறங்கினதும் இருக்கிற குறுகலான நடை. டோக்கன் வாங்கிக்கொண்டு கோட்டை எடுத்துக் கொடுக்கிற அம்மாள் சாப்பிடப் போயிருந்தாள். நானே தட்டிக்குப் பின்னால் போய் என் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். கால் கடுத்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டிருப்பேன், அல்தோனா முன்னால் வந்து நின்றாள்.

"'சந்தோஷமா'ன்னு அவன் சொன்னத நீங்க சொல்லல."

"அது சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்றது. நம்மள்ல அப்படிச் சொல்ற வழக்கமில்ல."

"தெரியும் மேடம். நான் சண்டைக்கு வரல." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவன் சொன்னப்போ எனக்கு ஒண்ணுமே ஆகல. ஃபேக்டரியில ட்ரேய கீழ போட்டுட்டுச் சொல்வான், அப்படித்தான் சொன்னான். நீங்க சொன்னதுதான் உள்ள போச்சு. மிச்சத்தையும் சொல்லிடுங்க."

"எந்த மிச்சம்?"

"அடக்கம் பண்ண அன்னிக்கு நடந்தது."

"அவர் அதச் சொல்லவே இல்லியே அல்தோனா."

"சொல்ல மாட்டான். இனிமே நான் அவனப் பாக்கப்போறதும் இல்ல. என்ன, யாருமில்லாத எடத்துல ஒரு தடவ. உங்க முத்திரைக்கு ஒண்ணும் ஆயிடாது."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஒருவர் பேசாததைப் பேசக் கூடாது என்பதுதான் நான் எடுத்த உறுதிமொழி. ஆனால் எனக்கு அலுத்துப் போயிருந்தது. இத்தனை வருடமாக ஊரார் வீட்டுப் பொய்யையெல்லாம் பிசகாமல், ஒரு கால்புள்ளி மாறாமல் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அவள் கேட்டது நடந்த ஒன்று. யாரும் அதைச் சொல்லவில்லை என்பது மட்டும்தான் குறை.

"நான் வரல," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கோட்டின் மேல் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர முடியாம இல்ல. முடியும். வரல. காய்ச்சல்னு உன்கிட்டப் பொய் சொன்னேன். நீ உங்கம்மா பக்கத்துல தனியா நின்னு, எனக்காக எல்லார்கிட்டயும் அதே பொய்யச் சொன்ன. உன்ன அப்படிச் சொல்ல வெச்சது நான். என் தப்பு அல்தோனா."

பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாருக்காக என்று அப்போதும் தெரியவில்லை. அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். டேரனுக்குச் சொல்ல வைத்திருந்த பதிலாகத்தான் இருக்க வேண்டும்.

மேலேயிருந்து வேகமாக யாரோ படி இறங்கி வந்தார்கள். டேரன். கையில் டோக்கன், வக்கீலோடு ஏதோ சிரித்துவிட்டு வந்த முகம். நடை குறுகல், நான் ஒரு கையைக் கோட்டுக்குள் விட்டபடியும் அவள் என் எதிரிலுமாக வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தோம்.

"ஸாரி," என்றான்.

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு சுவரோடு ஒட்டிக்கொண்டோம். எங்கள்மேல் படாமல் இருக்க வயிற்றை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் திரும்பி, அவன் நடுவே நடந்து போனான்.